மூன்றாம் நாள் வேண்டாம், மூன்றாம் வாரம் வாருங்கள்

கோவையில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "மழைக்காலத்துக்கு முன்பே எங்கள் சபையில் ஒரு மிஷன் டீம் சேர்த்து வைத்திருக்கிறோம். டெல்டா பக்கம் புயல் அடித்தால் போய் விழுந்த மரங்களை அகற்றுவது, வீடுகளைச் சுத்தம் செய்து கொடுப்பது என்று திட்டம். பெரும்பாலும் ஐ.டி. பசங்க. எங்களால் பிரயோஜனம் இருக்குமா? எப்போது கிளம்புவது, அங்கே என்ன வேலை இருக்கும்? சுவிசேஷ ஊழியமும் சேர்த்துச் செய்யலாமா? என் ரூம்மேட் இந்து, அவனும் வருகிறேன் என்கிறான்."

பிரயோஜனம் உண்டு தம்பி. நான் பேராவூரணிப் பக்கத்து ஆள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்களைக் கடந்து போன பிறகு, வெளியூரிலிருந்து வந்த டீம்களை ஊருக்குள் அழைத்துப் போய்க் கொண்டிருந்தவர்களில் ஒருவன். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் வந்தார்கள். முதுகு ஒடிய வேலை பார்த்தவர்களையும் பார்த்தேன், பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே வேளாங்கண்ணிக்கு வண்டியைத் திருப்பியவர்களையும் பார்த்தேன். இந்த இரண்டு வகைக்கும் வித்தியாசம் உடல் பலத்தில் இல்லை. எப்போது வந்தார்கள், வந்து யார் பேச்சைக் கேட்டார்கள் என்பதில்தான் இருந்தது.

முதலில் 'எப்போது'. புயல் அடித்த மூன்றாம் நாளே கிளம்பிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். முதல் வாரம் தீயணைப்புத் துறைக்கும் மின்வாரியத்துக்கும் பேரிடர் மீட்புப் படைக்கும் உரியது. கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து வயலுக்குள் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அந்த நேரத்தில் பழக்கமில்லாத இருபது பேர் ஒரு வேனில் வந்து இறங்கினால் அவர்களுக்குச் சோறு, தண்ணீர், படுக்க இடம் எல்லாம் அடிபட்ட ஊரே பார்க்க வேண்டியதாகிவிடும். பெட்ரோல் பங்க் ஓடாது, ஏ.டி.எம்.மில் பணம் இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிவாரண வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ரோட்டோர ஊருக்கு ஒரே நாளில் பத்து வண்டி பிரெட் வந்து சேரும், உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு ஒன்றும் போகாது. பழைய துணி மூட்டைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். சுனாமியிலும் பார்த்தோம், கஜாவிலும் பார்த்தோம், கடைசியில் மழையில் நனைந்து ரோட்டோரம் கிடக்கும்.

மூன்றாவது வாரத்தில் கூட்டம் கலைந்துவிடும். டி.வி.க்காரர்கள் வேறு செய்திக்குப் போய்விடுவார்கள். தோப்பில் மரங்கள் மட்டும் விழுந்தது விழுந்தபடி கிடக்கும். உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த வேலைக்கு ஒரு கெடுவும் உண்டு என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. செத்த தென்னை மரம் மக்க ஆரம்பித்ததும் காண்டாமிருக வண்டு அதற்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து சில மாதத்தில் வண்டாகி வெளியே பறக்கும். பறந்து போய், புயலுக்குத் தப்பி நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். புதிதாக நட்ட கன்று என்றால் ஒரு வண்டே போதும். காயம்பட்ட மரத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வந்து சேரும். ஆக, இன்று அகற்றாத மரம் அடுத்த வருஷம் பக்கத்து மரத்தைக் கொல்லும். ஜே.சி.பி. வைத்து அள்ளிவிடலாமே என்பீர்கள். மழை ஈரத்தில் வரப்பும் வாய்க்காலும் தாண்டி உள் தோப்புக்கு ஜே.சி.பி. போகாது. போனாலும் சிறு விவசாயிக்கு அந்த மணிக்கூலி கட்டாது. ஆள்தான் வேண்டும்.

இதில் சபைக்காரர்களுக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. டெல்டாவைப் புரட்டிப் போட்ட புயல்களின் தேதிகளைப் பாருங்கள்: 1952 நவம்பர் 30, 1955 டிசம்பர் 1, 1977 நவம்பர் 12, பிறகு கஜா. மூன்று வாரம் கழித்து என்றால் நேராக கிறிஸ்துமஸ் சமயம். வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ், ஞாயிறுபள்ளி விழா, ஸ்டார் கட்டுவது என்று எல்லாச் சபையும் மும்முரமாக இருக்கும். எங்களுக்கு ஆள் அதிகம் தேவைப்படும் நேரத்தில் டீம் கிடைக்காத காரணம் இதுதான். ஒரு வருஷம் கேரல் ரவுண்ட்ஸைச் சுருக்கிக்கொண்டால் குடி முழுகிவிடாது என்பது என் அபிப்பிராயம். உங்கள் சபைப் போதகரிடம் இதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் ஜனவரியில் பொங்கல் கழிந்ததும் வாருங்கள். அப்போதும் வேலை இருக்கும்.

அடுத்தது, யார் பேச்சைக் கேட்பது. ஊர்க்காரர் ஒருவர் உங்களுக்கு மேஸ்திரியாக இல்லாமல் தோப்புக்குள் கால் வைக்காதீர்கள். அந்த ஊர் போதகரோ பங்குத்தந்தையோ ஆள் காட்டுவார், சரி. ஆனால் ஊராட்சித் தலைவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் தகவல் போயிருக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு ஆள் தேவை என்று தெரியாவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் கேட்கலாம்.

வி.ஏ.ஓ. விஷயத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கஜாவுக்கு அரசு தென்னை மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், விழுந்ததை அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. கணக்கெடுக்க அதிகாரிகள் தோப்பு தோப்பாக வந்தார்கள். வந்து பார்க்கும்போது மரம் கிடந்தால்தானே கணக்கு? ஆர்வக்கோளாறில் வெளியூர்ப் பசங்கள் முந்திக்கொண்டு அறுத்து ஓரமாகக் குவித்துவிட்டால், எத்தனை மரம் விழுந்தது என்று அந்த விவசாயி நிரூபிக்கப் படாத பாடு படுவார். அதனால் எந்தத் தோப்பிலும் முதல் கேள்வி, "கணக்கு எடுத்தாச்சாய்யா?" என்பதாக இருக்கட்டும். எடுக்கவில்லை என்றால் மரத்தைத் தொடாதீர்கள். அடிமரத்தில் பெயிண்டால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, எண்ணும் தோப்பும் தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் கொடுங்கள். சர்வே எண், பட்டா யார் பேரில் இருக்கிறது, வங்கிப் பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒரு பட்டியல் போடுங்கள். தாத்தா பேரில் பட்டா, பேரன் சாகுபடி என்கிற கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. குத்தகைக்கு எடுத்தவர் பாடு இன்னும் மோசம். மரம் அறுக்கத் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள், எக்செல் தெரியும் அல்லவா? ஊரில் பலருக்கு உண்மையில் கிடைக்காமல் இருப்பது அந்த உதவிதான். ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், நாலு போன் சார்ஜ் போட ஒரு ஜெனரேட்டர். இதோடு ஒரு திண்ணையில் ஒரு வாரம் உட்காருகிற இரண்டு பேர் ரம்பம் பிடிக்கிற பத்துப் பேருக்குச் சமம்.

கணக்கு முடிந்த தோப்பில் வேலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதலில் காய். விழுந்த மரத்தின் கொண்டையில் இளநீர், முற்றிய காய், குரும்பை எல்லாம் அப்படியே இருக்கும். ரம்பத்தை எடுக்கும் முன் காய்களை வெட்டி, முற்றியதைத் தனியாகவும் இளநீரைத் தனியாகவும் குவிக்க வேண்டும். அந்த மரத்திலிருந்து அவருக்குக் கிடைக்கப் போகும் கடைசி வரும்படி அது. பிறகு மட்டைகளைக் கழிப்பது. இது உங்களைப் போன்றவர்கள் தாராளமாகச் செய்யலாம், ஆனால் கையுறை இல்லாமல் வேண்டாம், மட்டையின் ஓரம் உள்ளங்கையைக் கிழித்துவிடும். நல்ல மட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பெண்கள் கீற்று முடைவார்கள். கூரை பறந்த வீட்டுக்கு அது உடனே ஆகும். அதனால் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுக் கொளுத்தக் கூடாது. அதன் பிறகுதான் மரத்தைத் துண்டு போடுவது. நாற்பது வயது நெட்டை மரத்தை ஐந்தடித் துண்டுகளாகப் போட்டாலும் அடித்துண்டை உருட்ட நாலு பேரும் ஒரு கடப்பாரையும் வேண்டும். தென்னையின் வெளிவைரம் ரம்பத்தின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மாற்றுச் செயினும் அரமும் இல்லாமல் வந்த டீம்கள் மத்தியானத்துக்குமேல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தன. துண்டுகள் செங்கல் சூளைக்குப் போகும். வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பான். விலை பேசுகிற இடத்தில் நீங்கள் குறுக்கே போகாதீர்கள், அது தோப்புக்காரர் பாடு. தூரை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது, தோண்டி எடுக்க வேண்டும். அல்லது அடுத்து அங்கே நடப் போகிறவர் சொல்கிறபடி செய்ய வேண்டும். எருக்குழியில் அந்த வண்டின் புழுவைக் கண்டால் வேளாண் அலுவலரைக் கேட்டு, புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

வேலைக்கு நடுவே தோப்புக்காரர் இளநீர் வெட்டித் தருவார். எல்லாம் போய்க் கிடக்கிறவரிடம் வாங்கிக் குடிப்பதா என்று கூச்சப்படாதீர்கள். வாங்கிக் குடியுங்கள். "பெத்த பிள்ளை சோறு போடாவிட்டாலும் வச்ச பிள்ளை சோறு போடும்" என்று தென்னையைப் பிள்ளை என்றே சொல்கிற மண் இது. காய்ப்புக்கு வர ஏழெட்டு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் கிடக்கும்போது, வந்தவருக்கு இளநீர் கொடுப்பதாவது தன் கையில் இருக்கிறதே என்பது அவருக்கு ஒரு தெம்பு. பேசாமல் வரப்பில் உட்கார்ந்து தோப்பையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆளைக் கண்டால், ஆறுதல் வசனம் சொல்லக் கிளம்பாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்கள் மேஸ்திரியிடம் ரகசியமாகச் சொல்லி வையுங்கள். கஜாவுக்குப் பிறகு தோப்பு போன துக்கத்தில் உயிரை விட்டவர்கள் உண்டு. 104க்குப் போன் செய்தால் ஆலோசகரிடம் பேசலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தோப்பைவிட அவசரமானது ஒன்று உண்டு: வடிகால். நவம்பர், டிசம்பரில் சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும். வடிகால் வாய்க்காலில் மரம் விழுந்து, அதில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் வயலில் தேங்கும். இளம்பயிர் ஒரு வாரம் முழுகிக் கிடந்தால் அழுகத் தொடங்கிவிடும். மதகிலும் பாலத்துக்கு அடியிலும் சிக்கியிருக்கும் ஒரே ஒரு மரத்தை எடுத்தால் ஐம்பது ஏக்கர் வடியும் என்கிற இடங்கள் உண்டு. எது அந்த மரம் என்று ஊரில் நீர் பாய்ச்சுகிறவருக்குத்தான் தெரியும். ஒரு டீம் மூன்றாம் வாரம் வரை காத்திருக்காமல் முன்னாலேயே வந்தால் நான் அனுப்பக்கூடிய ஒரே வேலை இதுதான், அதுவும் நீச்சல் தெரிந்தவர்களை மட்டும்.

வேதாரண்யம் பக்கம் போனால் வேலையே வேறு. கடல் தண்ணீர் உள்ளே வந்து சேற்றைக் கொட்டிவிட்டுப் போயிருக்கும். காய்ந்து இறுகும் முன் வீட்டுக்குள்ளிருந்து மண்வெட்டியால் வாரி வெளியே தள்ள வேண்டும். வீட்டு வேலையில் டீமில் இருக்கும் தங்கைகள் இல்லாமல் முடியாது. வயதான பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில் ஆண்கள் கூட்டமாக நுழைந்து அடுக்களைப் பாத்திரத்தைத் தூக்கினால் அவர்களுக்குச் சங்கடம். நனைந்த ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை வெயிலில் போடாமல் நிழலில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காய வையுங்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மிதித்து நொறுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, துண்டு துண்டாக எடுத்துச் சாக்கில் கட்டுங்கள். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மூட்டை கட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பூட்ஸ், தோல் கையுறை, டார்ச், சில்லறை நோட்டு, உங்களுக்கான அரிசி, பருப்பு, கேஸ் அடுப்பு, குடிதண்ணீர். கிளம்பும் முன் டெட்டனஸ் தடுப்பு (டி.டி.) ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, டாக்ஸிசைக்ளின் மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். மட்டைக் குவியலுக்குள் கையை விடாதீர்கள், கம்பால் தட்டிவிட்டு எடுங்கள். வீடிழந்தது மனிதர் மட்டுமில்லை, கண்ணாடி விரியனும்தான். கீழே கிடக்கும் மின்கம்பி எல்லாம் உயிருள்ள கம்பி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கே கரண்ட் இல்லை என்றாலும், யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து லைனில் திரும்பி வரும். ரம்பம் பழகியவர் கையில் மட்டும் இருக்கட்டும். வேரோடு சாய்ந்த புளி, மா, பலாவை அடியில் அறுத்ததும் வேர்க்கட்டி மண்ணோடு சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழியில் யாரையும் நிற்க விடாதீர்கள். தங்குவதற்குப் பள்ளிக்கூடத்தைக் கேட்காதீர்கள், முகாமில் ஜனங்கள் இருப்பார்கள். ஆலயத்து ஹாலில் பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

இனி, ஊழியமும் சேர்த்துச் செய்யலாமா என்ற கேள்வி. செய்யாதீர்கள். கைப்பிரதிகளை கோவையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தார்ப்பாயோடு துண்டுப்பிரதி, அரிசிப் பையோடு ஜெபம் என்று கொடுத்தால், வாங்கிக்கொள்கிறவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். கூரையில்லாதவனிடம் சம்மதம் கேட்பது சம்மதமே இல்லை. செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஒப்புக்கொண்ட நடத்தை விதிகளிலும் இது இருக்கிறது: எந்த அரசியல் கருத்தையோ மதக் கருத்தையோ பரப்ப நிவாரணத்தைப் பயன்படுத்தக் கூடாது. கிறிஸ்தவ நிவாரண அமைப்புகள் பலவும் அதில் கையெழுத்திட்டவைதான். காலையில் உங்களுக்குள் ஜெபித்துவிட்டுக் கிளம்புங்கள், இரவு ஹாலில் பாட்டுப் பாடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். யாராவது தாமாகவே "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க தம்பி" என்று கேட்டால் பண்ணுங்கள். இந்துக்களும் அப்படிக் கேட்பார்கள். மாதா கோயிலுக்கும் நாகூர் தர்காவுக்கும் சிக்கல் முருகனுக்கும் ஒரே குடும்பம் நேர்ந்துகொள்கிற ஊர் இது.

சுவிசேஷம் அறிவிக்காவிட்டால் அது மிஷன் டீமா என்று சபையில் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குத் தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரைச் சொல்லுங்கள். 1780களில் ஹைதர் அலி படையெடுப்பில் தஞ்சைச் சீமை பஞ்சத்தில் கிடந்தது. அரண்மனை பணம் தரும் என்று நம்பி நெல் கொண்டுவர விவசாயிகள் தயாராக இல்லை. ஸ்வார்ட்ஸ் தன் வாக்கைக் கொடுத்த பிறகே மாடும் நெல்லும் வந்தன. அவர் அரிசி வாங்கிச் சேர்த்துவைத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். அவர் பொறுப்பில் வளர்ந்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கடைசி வரை இந்துவாகவே இருந்தார். ஸ்வார்ட்ஸ் 1798இல் இறந்த பிறகு, லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்யச் சொல்லி ஆலயத்தில் வைத்தவரும் அந்த சரபோஜிதான். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய அந்த ஆலயத்தில் இன்றைக்கும் அது இருக்கிறது, வரும்போது பார்த்துவிட்டுப் போங்கள். 1706இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு இறங்கியதிலிருந்து இந்தக் கடற்கரையில் மிஷன் என்பது பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்ததுதான். மரம் தூக்குவதும் அதில் அடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சபை டீம்கள் செய்கிற பெரிய தப்பு பெரும்பாலும் மதமாற்றம் அல்ல, சொந்த ஜனம் பார்ப்பது. ஊர் போதகர் கொடுக்கிற பட்டியலில் சபைக் குடும்பங்கள் மட்டும் இருக்கும். அதை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பினால், அதே தெருவில் நடுவில் இருக்கும் நாலு வீடு பார்த்துக்கொண்டு நிற்கும். நீங்கள் போன பிறகு அந்தச் சபைக் குடும்பம் அங்கேதான் வாழ வேண்டும். அதனால் தெருவாக எடுங்கள், முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை. இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டும் பட்டியலில் காலனி இருக்காது. சுனாமி நிவாரணத்தில் நாகப்பட்டினம் பக்கம் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டது ஊரறிந்த விஷயம். தோப்புக்காரருக்கு மரம் போயிற்று, அந்தத் தோப்பில் காய் பறித்தவருக்கும் மட்டை உரித்தவருக்கும் வேலையே போயிற்று, அவருக்கு மரக்கணக்கில் ஒரு பைசா கிடையாது. டீமில் பாதிப் பேர் தோப்பில் இருந்தால் பாதிப் பேர் காலனியில் கூரை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதை வந்த முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சபை நண்பர்கள் அனுப்புகிறேன் என்பார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவரும் வெளிநாட்டுச் சபையும் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அதற்குப் பதிவு பெற்ற அமைப்பின் தனிக் கணக்கு வேண்டும், உங்கள் டீம் தலைவரின் கூகுள் பே ஆகாது. டூரிஸ்ட் விசாவில் வருகிற வெளிநாட்டுப் பாஸ்டரைக் கூட்டிவந்து கூட்டம் போடுவதும் விசா விதிமீறல். கடைசி நாளில் மீதிப் பணம் இருந்தால், நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போனதைப் போல உள்ளூரில் ரசீது போடுகிற ஒரு கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். தென்னங்கன்று வாங்க உதவும்.

ரூம்மேட் தாராளமாக வரட்டும். ஊர்க்காரர்கள் யாரும் கேட்கப்போவதில்லை. பக்கத்துத் தோப்பில் பள்ளிவாசல் பசங்கள் ரம்பம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், மத்தியானச் சாப்பாடு பெருமாள் கோயில் மண்டபத்திலிருந்து வரலாம். காலை ஜெபத்தில் அவர் உட்கார வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், அந்த நேரத்தில் ரம்பத்துக்கு அரம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். டீம் பட்டியலில் எல்லாருக்கும் போலவே அவருக்கும் ரத்த வகையும் வீட்டுப் போன் எண்ணும் எழுதி, ஒரு நகலை ஊர் மேஸ்திரி கையில் கொடுத்துவிடுங்கள்.